வாசல் கேமரா: முதலில் போட்டதும், கழற்றிவிட்டு மறுபடி போட்டதும்

ஒரு தொப்பி, தோளில் ஒரு துண்டு. எங்கள் போர் மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போனவனைப் பற்றி முதல் கேமரா காட்டியது அவ்வளவுதான். முகம் இல்லை. கை தெரிகிறது, கையில் கட்டிங் பிளேயர் தெரிகிறது, அவன் குனிந்து நிமிர்வது தெரிகிறது, ஆனால் அவன் யார் என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது. கேமரா வேலை செய்யாமல் இல்லை, படமும் தெளிவுதான். மாட்டிய இடம் தப்பு. இது தெரிய எனக்கு ஒரு திருட்டும், ஒரு மழைக்காலமும், கிட்டத்தட்ட 4,000 ரூபாயும் செலவாயிற்று. வீட்டுக்கு வெளியே கேமரா போடலாம் என்று இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில். தனி வீடு, தரைத்தளம் மட்டும், கிழக்குப் பார்த்த வாசல், சுற்றிலும் காம்பவுண்டு. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். இங்கே நானும் அத்தையும் பிள்ளைகள் இருவரும். எதிரே இன்னும் வீடு கட்டாத மூன்று மனை, அதில் கருவேல மரமாய் மண்டிக் கிடக்கிறது. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து கதவைத் திறந்து பார்க்கவும் பயம், பார்க்காமல் படுத்திருக்கவும் பயம். அதற்காகத்தான் கேமரா. அவர் அங்கிருந்து "முதல்ல ஒண்ணு போட்டுப் பாரு, பிடிச்சா அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல, ஊருக்குள் ஒரு கடையில் வைஃபை கேமரா ஒன்று வாங்கினேன். 2 மெகாபிக்சல். விலை 3,400, மாட்டுக்கூலி 500. கடையின் பெயரும் கேமராவின் பெயரும் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை இல்லை, பல இடத்தில் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

கடையிலிருந்து வந்தவர் ஏணியைச் சாய்த்து நேராக மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போய்விட்டார். தரையிலிருந்து 14 அடி. "உசரத்துல இருந்தாத்தான்மா யாரும் கழட்ட முடியாது, கேட்டும் தெரியும், மோட்டாரும் தெரியும்" என்றார். போனில் பார்த்தால் உண்மையிலேயே எல்லாம் தெரிந்தது, தெரு, கேட், எதிர் மனை, நான் கோலம் போடும் இடம், மோட்டார் மேல் வைத்த தகர மூடி வரை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, அத்தைகூட "பரவாயில்லையே, டிவி மாதிரி தெரியுதே" என்றார்கள். மூன்று மாதம் நிம்மதியாக இருந்தோம்.

ஆடி மாதம் ஒரு காலையில் தண்ணீர் ஏறவில்லை. போய்ப் பார்த்தால் பேனல் பெட்டியிலிருந்து போர் குழாய் வரை போகிற ஒயரைச் சீவி எடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை, செம்புக்கு விலை ஏற ஏற வயலில் இருக்கும் மோட்டார் ஒயரெல்லாம் ராத்திரியில் காணாமல் போகும், ஆனால் காம்பவுண்டுக்குள் ஏறிக் குதித்து எடுப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கேமரா இருக்கிறதே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். மோட்டார் இருப்பது கேமராவுக்கு நேர் கீழே. 14 அடி உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும். அவன் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. கேட் பக்கம் அவன் ஏறி இறங்கியதும் பதிவாகியிருந்தது, ஆனால் அந்த இருட்டில், அந்தத் தூரத்தில், ஒரு சாம்பல் நிற உருவம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. படத்தின் மூலையில் ஓடும் நேரம் 5:10 என்று காட்டியது. ஸ்டேஷனில் பென்டிரைவைப் போட்டுப் பார்த்த ஏட்டய்யா, "அஞ்சு மணிக்கு மேல கிழக்க வெளுக்க ஆரம்பிச்சிரும், பால்காரர் வந்திருப்பாரு, இது ராத்திரியா இருக்கே" என்று சரியாகக் கேட்டார். என்னவென்று பார்த்தால் கேமராவின் கடிகாரம் சீன நேரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அப்படியென்றால் திருட்டு நடந்தது 2:40-க்கு. மாட்டும்போது ஒரு தட்டுத் தட்டி இந்திய நேரத்துக்கு மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்ட பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவர், நேரமே தப்பாக ஓடும் பதிவை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வார்? ஆகவே கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக உங்கள் கேமராவின் நேரத்தையும் போனின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒயர் போனதுதான், கிடைக்கவில்லை. புது ஒயரும் கூலியுமாக 6,800 ஆனது.

அதற்குப் பிறகும் அந்தக் கேமராவை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஐப்பசி மழையில் அதுவும் போயிற்று. பெட்டியின் மேல் ஐபி66 என்று போட்டிருந்தது, முதல் 6 தூசி புகாது என்பதற்கு, இரண்டாவது 6 வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கு. பொய் இல்லை, கேமராவுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் கேமராவின் வாலில் தொங்கும் ஒயர் இருக்கிறதே, அதோடு அடாப்டர் ஒயரைச் செருகும் இடம், அதற்கு ஐபியும் கிடையாது ஒன்றும் கிடையாது. வந்தவர் அதன் மேல் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி அப்படியே சுவரில் தொங்கவிட்டுப் போயிருந்தார். டேப்பைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே பின் முழுக்கப் பச்சையாகக் களிம்பு பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. கைப்பிடிச் சுவரில் வழிந்த தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி நேராக அந்த மூட்டுக்குள் போயிருக்கிறது. ஒயர் மூட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன வளைவு விட்டிருந்தால் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டியிருக்கும். பழைய கரண்ட்டுக்காரர்கள் சர்வீஸ் ஒயர் இழுக்கும்போது அந்த வளைவை விட்டுத்தான் இழுப்பார்கள், நம் வீட்டு மீட்டர் பக்கம் அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

வைஃபையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோசம் என்று சொல்ல மாட்டேன், அப்பார்ட்மென்ட் வாசலுக்கோ வாடகை வீட்டுக்கோ அதுதான் வசதி. ஆனால் ரூட்டர் ஹாலில், கேமரா மொட்டைமாடியில், நடுவே 9 அங்குலச் செங்கல் சுவரும் ஒரு கான்கிரீட் தளமும். நேரலை அடிக்கடி நின்று சுற்றும். அவர் மஸ்கட்டிலிருந்து திறந்தால் பத்துக்கு நாலு தடவை திறக்காது, உடனே எனக்குப் போன் வரும், "என்ன ஆச்சு, வீட்ல கரண்ட் இல்லையா?" உள்ளே 64 ஜிபி மெமரி கார்டு இருந்ததால் பதிவு தப்பித்தது, அதுவும் நான்கு நாளைக்குத்தான் வரும், அப்புறம் பழையதை அழித்து எழுதும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் முதல் மூன்று நாள் காணாமல் போயிருக்கும்.

பழைய கேமராவைக் கழற்றி, ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு, மெக்கானிக் கடையில் வேலை செய்யும் என் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். தம்பி போனில் சேர்க்கப் போனால் "இந்தக் கருவி வேறொருவர் கணக்கில் இருக்கிறது" என்று வந்தது. என் கணக்கில் இல்லை! மாட்டிக் கொடுத்தவர் தன் நம்பரில் கணக்குத் திறந்து, தன்னை உரிமையாளராக வைத்துக்கொண்டு, எனக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் பகிர்ந்திருக்கிறார். ஏழு மாதம். வாசல் தெளிக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறது, எத்தனை மணிக்கு வீடு பூட்டுகிறோம் எத்தனை மணிக்குத் திறக்கிறோம் எல்லாம் ஒரு அந்நிய ஆளின் போனில் இருந்திருக்கிறது. நான்கு தடவை போன் போட்டுத்தான் நீக்க வைத்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நினைக்கவில்லை, "எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான்மா, ரிப்பேர் வந்தா பார்க்க வசதி" என்றார், பாஸ்வேர்டும் எல்லோருக்கும் ஒன்றேதானாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2016-இல் மிராய் என்ற ஒரு நச்சு நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்துக்கொண்டதே, அது உள்ளே நுழைந்த வழி இதுதான், கம்பெனியில் போட்டுத் தந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. ஆக, கேமரா மாட்டும்போது உங்கள் போனில், உங்கள் நம்பரில், நீங்களே கணக்குத் திறங்கள். பாஸ்வேர்டை மாட்டுகிறவர் முன்னால் தட்ட வேண்டாம். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சரி, இரண்டாவது தடவை.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் திருச்சியில் கேமரா மாட்டும் ஒரு தம்பியின் நம்பரைக் கொடுத்தார். வியாழக்கிழமை வருகிறேன் என்றவர் திங்கள்கிழமைதான் வந்தார், அதில் எனக்கு வருத்தம்தான், இரண்டு நாள் லீவு வீணானது. ஆனால் வந்த விதம் பிடித்திருந்தது. கையில் டிரில் இல்லை, ஏணி இல்லை. சாயங்காலம் ஏழரை மணிக்கு, நன்றாக இருட்டிய பிறகு வந்தார். வீட்டைச் சுற்றி நடந்தார், கேட் விளக்கைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், போன் கேமராவை ஒவ்வொரு மூலையிலும் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைக் கேட் பக்கம் நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு ஆள் வந்தது தெரிஞ்சா போதுமா, வந்தது யாருன்னு தெரியணுமா?"

இந்த ஒரு கேள்வியை முதல் கடைக்காரர் கேட்டிருந்தால் என் பணம் மிச்சமாகியிருக்கும். ஏனென்றால் இரண்டுக்கும் வேறு வேறு கேமரா, வேறு வேறு இடம். அவர் சொன்ன கணக்கு இது: ஐஇசி 62676-4 என்று இந்தக் கேமராக்களுக்கு ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன் 2014 பதிப்பின்படி முன்பின் தெரியாத ஒருவரை முகத்தை வைத்து இன்னார் என்று சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் 1 மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் (பிக்சல்) விழ வேண்டும். ஏற்கனவே தெரிந்த ஆளை அடையாளம் கண்டுகொள்ள 125 போதும். யாரோ நிற்கிறார் என்று மட்டும் தெரிய 25 போதும்.

எங்கள் போர்டிகோவிலிருந்து கேட் 22 அடி. வழக்கமாக எல்லோரும் மாட்டும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 டிகிரி விரிந்து பார்க்கும், 22 அடி தூரத்தில் அது கிட்டத்தட்ட 16 மீட்டர் அகலத்தை ஒரே படத்துக்குள் அடைக்கிறது. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி, 16-ஆல் வகுத்தால் 120. அதுவும் பட்டப்பகலில். 4 மெகாபிக்சலுக்குப் போனாலும் 160-தான். அதே 4 மெகாபிக்சலில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் பார்வை பாதியாகக் குறுகி 50 டிகிரி சொச்சம் ஆகிவிடும், தெரு தெரியாது, எதிர் மனை தெரியாது, ஆனால் கேட்டில் நிற்பவர் முகத்தில் மீட்டருக்கு 400 புள்ளி விழும். எல்லாம் தெரிகிற படம்தான் நல்ல படம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர், பக்கத்துச் சந்துக்கும் போர்டிகோவுக்கும் 2.8 என்று முடிவு செய்தோம்.

உயரம் எட்டரை அடி. அதற்கு மேல் போகக் கூடாது என்பதில் அந்தத் தம்பி பிடிவாதமாக இருந்தார். "கழட்டிட்டுப் போயிருவானே" என்று நான் கேட்டதற்கு, "கழட்ட வர்றவன் முகத்தைக் காட்டிட்டுத்தான் கழட்டணும், ரெக்கார்டு உள்ள இருக்கு, போறது கேமராதான்" என்றார். ஒன்றை இன்னொன்று பார்க்கிற மாதிரி மாட்டினால் அதுவும் நடக்காது. சந்தில் இருக்கும் கேமராவை மோட்டாருக்கு மேலே வைக்காமல் சந்தின் கடைசியில் வைத்து நீளவாக்கில் பார்க்க வைத்தார். மோட்டாருக்கு வருகிறவன் முழு தூரமும் முகத்தைக் காட்டிக்கொண்டேதான் நடந்து வர வேண்டும். சந்தின் அகலமோ 4 அடிதான், சாதாரணமாக மாட்டினால் படத்தில் பாதிக்கு மேல் இரண்டு பக்கச் சுவர். கேமராவை 90 டிகிரி திருப்பி வைத்து செட்டிங்கில் காரிடார் என்று ஒன்றைப் போட்டார், படம் போன் திரை மாதிரி நெட்டுக்குத்தாக மாறி சந்து முழுவதும் அதில் அடங்கிவிட்டது. நீளமான சந்து இருக்கிற வீட்டுக்காரர்கள் இதை மறக்காமல் கேளுங்கள், பலர் சொல்ல மாட்டார்கள்.

வைஃபை இல்லை, மூன்றுக்கும் ஒயர். பிஓஇ என்கிறார்கள், நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே கரண்ட்டும் போகும் படமும் வரும். வெளியே அடாப்டர் இல்லை, பிளக் பாயின்ட் இல்லை, அதனால் பச்சைக் களிம்பு பூக்க வழியும் இல்லை. ஒரு கேபிளில் 100 மீட்டர் வரை இழுக்கலாம், எங்களுக்கு நீளமானதே 28 மீட்டர்தான். கேபிளில் ஒரு விஷயம். அந்தத் தம்பி கேபிளை வெட்டி உள்ளே இருக்கும் கம்பி ஒன்றை எடுத்து பிளேடால் சுரண்டிக் காட்டினார். உள்ளே வரைக்கும் சிவப்பாகவே இருந்தது. பிறகு பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துச் சுரண்டினார், மேலே செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. விலையில் பாதிக்குப் பாதி, ஆனால் கரண்ட் போகும்போது சூடாகும், தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்கும், ராத்திரி கேமராவின் விளக்கு எரிய ஆரம்பித்ததும் கேமரா அணைந்து அணைந்து வரும். உங்கள் வீட்டுக்கு வருகிறவரையும் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை.

செலவைப் பலரும் கேட்பதால் எழுதிவிடுகிறேன். கேமரா மூன்று, ஒன்று 2,900. பதிவு செய்யும் என்விஆர் பெட்டி 4,600. கேபிள்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் 1,900. கண்காணிப்புக்கென்றே வரும் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் 4,300, இதில் கம்ப்யூட்டருக்குப் போடும் சாதாரண டிஸ்க்கைப் போட்டு விலையைக் குறைத்துச் சொல்வார்கள், ஏமாற வேண்டாம், இது இரவு பகல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியது. கேபிள் 70 மீட்டர் 1,540, ஜங்ஷன் பாக்ஸ் மூன்றுக்கு 270, பெட்டி வைக்கும் கூடு 650, பிவிசி பைப் 740, மாட்டுக்கூலி கேமராவுக்கு 600 வீதம் 1,800. மொத்தம் 24,500. சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் ஒன்று பழுதானால் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓட முடியாது. இன்னொரு விஷயம், 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்கு மத்திய அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா, மாடல் அந்தச் சோதனையில் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள், பழைய சரக்கு இன்னும் சில இடங்களில் மலிவாக ஓடுகிறது.

"ஒரு மாசம் ரெக்கார்டு நிக்கும்க்கா" என்று தம்பி சொன்னது சரியில்லை. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகிறது, மூன்றுக்கும் சேர்த்து 65 ஜிபி, அப்படியென்றால் 1 டெராபைட் 15 நாளைக்குத்தான் வரும். எங்களுக்கு அப்படியேதான் வருகிறது. அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய் என்று மாற்றினால் ஒரு மாதம் வரலாம், அதைத்தான் அவர் மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு இடைவிடாமல் பதிவாவதுதான் வேண்டும், ஆகவே 15 நாள் போதும் என்று விட்டுவிட்டேன். முன்பே தெரிந்திருந்தால் 2 டெராபைட் வாங்கியிருப்பேன்.

என்விஆர் பெட்டியை டிவி பக்கத்தில் வைக்க வேண்டாம். உள்ளே நுழைகிறவன் முதலில் தேடுவது அதைத்தான். எங்கள் வீட்டில் அறைப் பரண் மேல், காற்று போகிற மாதிரி ஓட்டை உள்ள கூட்டில் இருக்கிறது. பெட்டி, சுவிட்ச், ரூட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில். மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் பதிவு நிற்காது, இன்டர்நெட் போனாலும் நிற்காது, அவருக்கு மஸ்கட்டில் தெரியாதே தவிர வீட்டுக்குள் எல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே தனி வீட்டுக்கு நான் ஒயர் கேமராவைத்தான் சொல்வேன்.

ராத்திரி விஷயம் கொஞ்சம் பெரிசு. இந்தக் கேமராக்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு இருக்கும், இருட்டில் லென்ஸைச் சுற்றி மங்கலாகச் சிவப்பு மினுக்கும், அத்தை முதல் நாள் பார்த்துவிட்டு "அது ஏன் முழிச்சுக்கிட்டே இருக்கு" என்று கேட்டார்கள். அந்த ஒளி பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சுவரில் பட்டால் அந்தச் சுவர் மட்டும் பால் மாதிரி வெளுத்து, மற்றதெல்லாம் கறுத்துவிடும். போர்டிகோ கேமராவுக்கு முதல் நாள் ராத்திரி அப்படித்தான் இருந்தது. மறுநாள் தூணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மாட்டியதும் சரியானது. கேட் தூணில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு ராத்திரி முழுக்க எரிகிறது, மாதத்துக்கு 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அந்த வெளிச்சத்தில் கேட் கேமரா ராத்திரியும் கலரிலேயே காட்டுகிறது, சட்டை நிறம் தெரிகிறது, வண்டி நிறம் தெரிகிறது. மூவாயிரம் ரூபாய் கேமராவைவிட அந்தப் பல்பு எனக்குப் பெரிய உதவி.

ஆனால் கேமராவிலேயே வரும் வெள்ளை விளக்கை நான் அணைத்து வைத்துவிட்டேன். முதல் மழை பெய்த ராத்திரி ஈசல் கிளம்பியது. லென்ஸுக்கு ஒரு சாண் தள்ளி விளக்கு எரிந்தால் என்ன ஆகும், படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சிறகு, ஒவ்வொன்றுக்கும் போனில் மணி. விடிவதற்குள் இருநூறுக்கு மேல் அலர்ட். ஈசலைத் தின்ன பல்லி, லென்ஸின் மேலேயே உட்கார்ந்து அதன் வயிறு படம் முழுக்க. விளக்கைக் கேமராவில் எரியவிடாமல் பத்தடி தள்ளி எரியவிட்டால் பூச்சி அங்கே போய்விடுகிறது. அலர்ட்டை "ஆள், வண்டி மட்டும்" என்று மாற்றியதில் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது. சிலந்திக்கு மட்டும் மருந்து இல்லை. லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு நூல் கட்டினாலும் ராத்திரி அது கயிறு மாதிரி மின்னும். வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒட்டடைக் குச்சியின் நுனியில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி மெதுவாக ஒரு தடவு. அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

கிழக்குப் பார்த்த வீட்டுக்கு இன்னொரு சிக்கல், காலை ஆறரையிலிருந்து எட்டு வரை சூரியன் நேராகக் கேமராவுக்குள். வருகிறவர் முகம் கறுத்துப்போகும். செட்டிங்கில் டபிள்யூடிஆர் என்று இருக்கும், வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்வது, அதைப் போட்டால் முகம் ஓரளவு தெளிகிறது, முழுக்க இல்லை. கேமராவின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வானம் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டதில் இன்னும் சரியானது.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கேமரா மாட்டிய இரண்டாம் நாள் காம்பவுண்டு மேலிருந்து கூப்பிட்டு, "ஏம்மா, எங்க கொல்லைப்பக்கம் தெரியுதா அதுல? நாங்க குளிக்கிற இடம் அது" என்று கேட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது. கேட்டது நியாயம்தானே, எனக்கு யாரோ போனில் என் வாசல் ஓடியது தெரிந்தபோது எப்படி இருந்தது. உடனே உள்ளே கூப்பிட்டு டிவியில் காட்டினேன். சந்துக் கேமராவில் ஒரு ஓரமாக அவர்கள் தண்ணீர்த் தொட்டியும் கொடியும் தெரிந்தன. அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல நானே செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் என்பதற்குள் போய் அந்த ஓரத்தை விரலால் இழுத்துக் கறுப்புக் கட்டம் போட்டேன். அந்த இடம் இனி நேரலையிலும் வராது, பதிவிலும் ஏறாது. அக்கா இருக்கும்போதே போட்டதால் அவருக்கு நம்பிக்கை வந்தது. மைக்கையும் மூன்றிலும் அணைத்துவிட்டேன். அடுத்தவர் வாசலில் நின்று பேசுவதை நாம் எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

இப்போது 14 மாதம் ஆகிறது, நடுவில் ஒரு முழு மழைக்காலம். ஒரு கேமராவும் நிற்கவில்லை. கார்த்திகையில் பக்கத்தில் இடி விழுந்து எதிர்த் தெருவில் இரண்டு வீட்டு டிவி போனபோது எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எர்த்திங் சரியாக இருந்ததால் என்கிறார் தம்பி. இடி இடிக்கும்போது நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன், வெளியே போகிற செம்பு ஒயர் எல்லாமே இடிக்கு வழிதான், அதற்கென்று தடுப்பு ஒன்று வருகிறதாம், இந்த வருஷம் போட வேண்டும். குறை என்றால் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றில் சிலிக்கான் பூச விட்டுப்போயிருந்தது, எறும்பு கூடு கட்டிவிட்டது, வந்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார், ஆனால் வர எட்டு நாள் ஆயிற்று. வேலைக்கு ஐந்துக்கு ஐந்தும் தருவேன், சொன்ன நாளில் வராததற்கு மூன்றுதான்.

திருடன் மறுபடி வரவில்லை. நிஜமாகவே தினமும் இதைப் பயன்படுத்துவது வீட்டுக்காரர்தான். மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், இங்கே காலை ஐந்தரைக்குப் பால்காரர் மணியடிக்கும்போது அங்கே நாலு. வேலைக்குக் கிளம்பும் முன் போனில் கேட் கேமராவைத் திறந்து பார்ப்பாராம், அத்தை பால் தூக்கோடு வருவது, நான் வாசல் தெளிப்பது. பேரன் கேட் கேமராவைக் காட்டி "அப்பா அதுல பார்க்கிறாரு" என்று சொல்லிக் கொடுத்ததிலிருந்து அத்தை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு நிமிஷம் நின்று மகனைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்க்கிறார்கள். புள்ளி மீட்டருக்கு 400, அம்மா மூக்குத்திகூடத் தெரிகிறது என்கிறார் அவர்.

என்விஆரில் நாலாவது கேமராவுக்கு இடம் காலியாக இருக்கிறது. கொல்லைக் கதவுக்கு ஒன்று போட வேண்டும், அங்கே தென்னை நிழல் விழுவதால் அந்தத் தம்பியை ராத்திரி வந்து வெளிச்சம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.